நாற்பதில் நின்ற முள்

அத்தியாயம் 9

வீட்டோடு மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் ஆபீஸோடு மாப்பிள்ளை. என் மனைவியைப் பெற்ற புண்ணியவதி, அதாவது என் அத்தை, ஒரு துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். அதில் உதவியாளர், ஓட்டுநர், டீ வாங்கி வருகிறவர், திட்டு வாங்குகிறவர் என்ற நான்கு பதவிகளையும் நானே வகிக்கிறேன். அத்தை என்னிடம் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. "வாயைத் திறக்காம இருந்தா நீங்ககூட புத்திசாலி மாதிரி தெரியறீங்க மாப்பிள்ளை" என்று சொல்லும்போதுகூட அந்த 'ங்க'வை விடமாட்டார்.

அன்று மதியம் நாங்கள் மீட்டர்காரரின் பட்டறையில் இருந்தோம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஸ்பீடோமீட்டரைப் பிரித்து, துடைத்து, பழுது பார்த்து, புதிதாக்கித் தருவது அவர் தொழில். நீளமான மேஜை, அதன் மேல் வளைந்த கழுத்துள்ள விளக்கு, பொடிப்பொடியான பல்சக்கரங்கள் போட்ட கிண்ணங்கள், எண்ணெய் வாசனை. சுவர் முழுக்க வட்ட வட்டமாக மீட்டர்கள், எல்லா முள்ளும் பூஜ்யத்தில். என் பள்ளிக்கூட மார்க் ஷீட்டை யாரோ சட்டம் போட்டு மாட்டியது போலிருந்தது.

மேஜைக்கு ஒரு பக்கம் மீட்டர்காரர். மறுபக்கம் இன்ஸ்பெக்டர். நடுவில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு மீட்டர்.

"சாயங்காலம் இவரை அரெஸ்ட் பண்ணப் போறேன் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர், ஏதோ கல்யாணத்துக்கு அழைப்பவர் போல. "அதுக்குள்ள நீங்க ஏதாவது கண்டுபிடிக்கணும்னா கண்டுபிடிச்சுக்கோங்க. நான் தடுக்கல."

"ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு" என்றார் அத்தை.

வழக்கு இதுதான். இறந்துபோனவர் மெத்தை ஃபேக்டரி முதலாளி. ஊரைத் தூங்க வைத்தே பணக்காரரானவர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிளப்புக்குத் தலைவர். அவரிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்புக் கார் ஒன்று இருந்தது. நூற்றெண்பதில் பறக்கக்கூடிய அந்த வண்டியை அவர் வாழ்க்கையில் நாற்பதைத் தாண்டி ஓட்டியதில்லை. பந்தயக் குதிரையை வாங்கி மாவு மில்லுக்கு அனுப்புகிற ஆசாமி. கண் ரோட்டில் இருக்கும் நேரத்தைவிட மீட்டர் முள்ளில் இருக்கும் நேரம் அதிகம். கிளப்பில் அவருக்குப் பெயரே 'நாற்பது' என்பதுதான்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் கார், போன வாரம் விடிந்தும் விடியாத நேரத்தில் மலைப்பாதை இறக்கத்தில் வளைவைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. வண்டி எண்பதிலாவது போயிருக்க வேண்டும் என்றார்கள் விழுந்த இடத்தைப் பார்த்தவர்கள். நாற்பது எப்படி எண்பதில் போனார்? அதற்கு முந்தின நாள்தான் அந்த மீட்டர் இந்த மேஜையில் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

"மீட்டர் பாதி காட்டுது மேடம். எண்பதுல போனா நாற்பதுன்னு காட்டுது. பாவம் அந்த மனுஷன், நாற்பதுலதான் போறோம்னு நினைச்சுக்கிட்டே எண்பதுல போய்ச் சேர்ந்துட்டாரு. மீட்டரைக் கெடுத்துக் கொடுத்தது யாரு? இதோ, இந்த மகானுபாவர்."

மீட்டர்காரர் அடக்கமான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். போன வாரம்வரை தன்னைத் தவிர உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் கடிகாரம் ரிப்பேர் செய்யக்கூட லாயக்கில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான். இப்போது அவர் கை நடுங்கியது. விபத்துக்குப் பிறகு ஒரு மீட்டரைக்கூட அவர் திறக்கவில்லை.

"அம்மா, ஜெயிலுக்குப் போறதைப் பத்தி எனக்குக் கவலையில்ல" என்றார் அத்தையிடம். "நான் நல்லாத்தான் பண்ணினேன். ஆனா ராத்திரி படுத்தா, பண்ணினேனா பண்ணினேனான்னு மனசு கேட்டுக்கிட்டே இருக்கு. நிஜமாவே என் கைதான் அவரைக் கொன்னுடுச்சோன்னு பயமா இருக்கும்மா. அதை மட்டும் எனக்குச் சொல்லிடுங்க. அப்புறம் இவர் எங்க கூப்பிட்டாலும் போறேன்."

எனக்கு வாயில் ஒரு ஜோக் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிவிட்டேன். எனக்கும் இதயம் உண்டு, அடிக்கடி உபயோகிப்பதில்லை, அவ்வளவுதான்.

அத்தை பிளாஸ்டிக் பையை விரலால் தட்டினார். "இதைச் சோதிச்சுப் பார்த்தது யாரு?"

"பல் டாக்டர். கிளப்போட செயலாளர். பழைய மீட்டரைப் பிரிச்சுச் சேர்க்கறது அவருக்குப் பொழுதுபோக்காம். அவர் வீட்டு மெஷின்லயே வெச்சு, என் கண்ணு முன்னாடி எண்பதுல ஓட்டிக் காட்டினார். முள்ளு நாற்பதுல நின்னுச்சு."

"வேற வேகத்துல?"

"எதுக்கு மேடம்? வண்டி விழுந்ததே எண்பதுலதானே."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. அது சோத்துக்கு, இன்ஸ்பெக்டர் சார். மீட்டருக்கு இல்ல." அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். அவர் அப்படிச் செருகினால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம். "மாட்டுங்க அதை."

மேஜை ஓரத்தில் ஒரு மோட்டார் இருந்தது. அதன் தலையில் கேபிளைச் சொருகி, மறுமுனையை மீட்டரின் முதுகில் மாட்டினால் வண்டி ஓடுவதாக மீட்டர் ஏமாந்துபோகும். மோட்டார் நிஜமாக எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்த பெரிய மீட்டர் ஒன்று காட்டியது. மோட்டாரின் திருகு குமிழுக்கு என்னை நியமித்தார் அத்தை. பதவிகள் ஐந்தாயின.

"எண்பதுக்குப் போகட்டுமா அத்தை?"

"மீட்டர்காரர் எங்கேருந்து ஆரம்பிப்பாரு?"

"பத்துலேருந்தும்மா" என்றார் அவர். "ஒவ்வொரு பத்தா ஏத்துவேன். அதுதான் முறை."

"அப்ப அதுதான் முறை. ஏத்துங்க மாப்பிள்ளை."

பத்து. முள் அசையவில்லை. இருபது. முள் அசையவில்லை. முப்பதில் மோட்டார் உறுமியது, கேபிள் துள்ளியது, முள் மட்டும் மதியச் சாப்பாடு முடித்த குமாஸ்தா போலப் பூஜ்யத்தில் சாய்ந்துகொண்டிருந்தது.

"செத்துப் போச்சு" என்றேன்.

"ஏத்துங்க."

நாற்பதைத் தாண்டியதும்தான் முள் கண்விழித்தது. ஐம்பதுக்குப் பத்தில் நின்றது. அறுபதுக்கு இருபது. எண்பதுக்கு நாற்பது, இன்ஸ்பெக்டர் சொன்ன அதே நாற்பது.

மீட்டர்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இது பாதி காட்டல! இது நாற்பதைக் கழிச்சுக் காட்டுது!"

"கழிச்சா என்ன, வகுத்தா என்ன" என்றார் இன்ஸ்பெக்டர். "கெட்டுப் போன மீட்டர் கெட்டுப் போன மீட்டர்தானே."

"இல்ல சார்! தானா கெட்டுப் போனா இப்படிக் கெடாது." அவர் குரலில் பழைய திமிர் லேசாகத் தலைகாட்டியது. "உள்ளே ஒரு காந்தம் சுத்தும். அது ஒரு சின்னக் கிண்ணத்தை இழுக்கும். கிண்ணத்தோட தண்டுலதான் முள்ளு நிக்குது. காந்தம் பலம் குறைஞ்சா எல்லா வேகத்துலயும் அதே விகிதத்துல குறைச்சுக் காட்டும். இது அப்படியில்ல. யாரோ முள்ளை உருவி, நாற்பது அளவுக்குப் பின்னாடி தள்ளிச் சொருகியிருக்காங்க. அப்படிச் சொருகினா முள்ளு பூஜ்யத்துக்குக் கீழே தொங்கும். அதை லேசா வளைச்சுத் தூக்கி இதோ இந்தக் குட்டி ஆணிக்கு மேலே போட்டுட்டா, பூஜ்யத்துலேயே சாஞ்சு நிக்கும். பார்க்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"பள்ளத்துல விழுந்த அதிர்ச்சியில நகர்ந்திருக்கலாமே?"

"நகரலாம். ஆனா நகர்ந்த முள்ளு ஆணியைத் தாண்டிக் குதிச்சு வந்து சமர்த்தா உட்காருமா? உருவறதுக்கே எனக்கு ரெண்டு ஸ்பூன் வேணும்." அவர் கிண்ணத்திலிருந்து இரண்டு டீ ஸ்பூன்களை எடுத்துக் காட்டினார். முள்ளின் அடியில் இருபுறமும் கொடுத்து ஒரே நேரத்தில் நெம்ப வேண்டுமாம். கொஞ்ச நேரத்துக்கு முன் என் டீயில் சர்க்கரையைக் கலக்கியது அந்த இரண்டில் ஒன்றுதான் என்பதை நான் அப்போது கவனித்தேன்.

"அப்ப நீயே தள்ளி வெச்சிருக்கே" என்றார் இன்ஸ்பெக்டர். அவரை எந்தக் கிணற்றில் தள்ளினாலும் அதே படியில்தான் ஏறி வருவார்.

அத்தை பெருமூச்சு விட்டார். "சார், செத்துப் போனவருக்கு கிளப்புல என்ன பேரு?"

"நாற்பது."

"ஏன்?"

"நாற்பதைத் தாண்ட மாட்டாரு."

"இந்த மீட்டர்ல முள்ளு எப்போ அசையுது?"

"நாற்பதைத் தாண்டினா..." என்று ஆரம்பித்த இன்ஸ்பெக்டர் வாயை மூட மறந்துவிட்டார்.

"அதேதான். இந்த முள்ளோட அவர் அந்த வண்டியை ஓட்டியிருந்தா, முள்ளு பூஜ்யத்தை விட்டு எழுந்திருச்சே இருக்காது. ரோட்டைப் பார்க்காம முள்ளையே பார்த்துக்கிட்டு ஓட்டற மனுஷன். கிளம்பின பத்தாவது அடியில வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்து இவரைச் சட்டையைப் பிடிச்சிருப்பாரு."

"ஆஷ்ட்ரே லேசா ஆடுதுன்னு பாதி வழியில திரும்பி வந்தவரும்மா அவரு" என்றார் மீட்டர்காரர்.

"முந்தின நாள் சாயங்காலம் இங்கேருந்து வண்டியை எடுத்துக்கிட்டு அவர் கிளப்புக்குத்தானே போனாரு? அங்க போய் என்ன சொன்னாராம்?"

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "டாக்டர் சொன்னாரு. 'முள்ளு என்ன அழகா ஏறுது பாருங்கய்யா'ன்னு எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சாராம்."

"ஆக, வண்டி நிறுத்தற கிளப் ஷெட்டுக்குள்ள போற வரைக்கும் முள்ளு ஒழுங்கா இருந்திருக்கு. ஷெட்டை விட்டு வெளியே வரும்போது கோணிக்கிட்டு வந்திருக்கு. அந்த மலைவரைக்கும் வண்டியை ஓட்டினது அவர் இல்ல, அவரைக் கொன்னவன். அவர் பக்கத்து சீட்டுல தூங்கிக்கிட்டோ மயங்கிக்கிட்டோ இருந்திருப்பாரு. இறக்கத்துல அவரைத் தூக்கி ஸ்டியரிங் முன்னாடி உட்கார வெச்சு, வண்டியைத் தள்ளி விட்டுட்டான். நாற்பது எப்படி எண்பதுல போனாருன்னு நீங்க கேப்பீங்கன்னு தெரிஞ்சு, பதிலை முதல் நாள் ராத்திரியே மீட்டருக்குள்ள எழுதி வெச்சிருக்கான்."

பட்டறையில் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அத்தையே கையை நீட்டி நிறுத்தினார்.

"வேகக்காரன் ஒருத்தனோட வேலை இது" என்றார். "அறுபதுக்குக் கீழே உலகம் இருக்குன்னே தெரியாத ஆளு. எண்பது ஓடினா நாற்பது காட்டணும்னு மட்டும் யோசிச்சிருக்கான். நாற்பது ஓடினா என்ன காட்டும்னு யோசிக்கவே இல்ல."

"கிளப்புல எல்லாருமே வேகக்காரங்கதான் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். இப்போது அவர் குரலில் கொஞ்சம் கல்யாணக் களை குறைந்திருந்தது. "ஷெட் சாவி எல்லார்கிட்டயும் இருக்கு. பாதிப் பேர் மீட்டரைத் தானே நோண்டறவங்க. யாரைன்னு பிடிக்கறது?"

அத்தை மீட்டர்காரர் பக்கம் திரும்பினார். "அவர் கடைசியா இங்க வந்தப்போ வேற ஏதாவது பேசினாரா? வண்டியைப் பத்தி, கிளப்பைப் பத்தி?"

"ஒரு கேள்வி கேட்டாரும்மா. ஒவ்வொரு மீட்டர்லயும் முகத்துக்கு அடியில பொடி எழுத்துல ஒரு எண் இருக்கும். கேபிள் எத்தனை சுத்து சுத்தினா ஒரு கிலோமீட்டர்னு. மாடலுக்கு மாடல் அது மாறும். ஒரு பச்சை வண்டியோட மாடலைச் சொல்லி, அதுல ஆயிரத்துக்கு மேல எண் வருமான்னு கேட்டாரு. வரவே வராது, அப்படி இருந்து மீட்டரும் சரியா காட்டுதுன்னா கியர் பாக்ஸே வேற ஏதோ வண்டியோடதுன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாரு. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒருத்தனோட கோப்பையெல்லாம் திரும்பக் கொடுக்க வேண்டி வரும்னாரு. யாருன்னு கேட்டேன், சொல்லல."

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி செத்துட்டாரு" என்றேன்.

"பார்த்தீங்களா, உங்களுக்கே புரிஞ்சிடுச்சு" என்றார் அத்தை. பிறகு சுவரைக் காட்டினார். "இதே மாடல் மீட்டர் இன்னொண்ணு இருக்கா?"

இருந்தது. மூன்றாவது வரிசையில், அச்சு அசலாக அதே முகம்.

"எண்பது ஓடினா நாற்பது காட்டணும். ஆனா முள்ளைத் தொடக்கூடாது. முடியுமா?"

மீட்டர்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "முடியும். கம்பிச்சுருள்ல மின்சாரம் விட்டுக் காந்தத்தோட பலத்தை உறிஞ்சணும். ஆனா என் கை..."

"உங்க கை யாரையும் கொல்லல" என்றார் அத்தை. "இப்பத்தான் அதைக் கண்ணால பார்த்தீங்க. பண்ணுங்க."

அவர் பண்ணினார். முதலில் ஒரு திருகை இரண்டு முறை கீழே போட்டார். மூன்றாவது முறை போடவில்லை. முகத்தைச் சுற்றியிருந்த வளையத்தின் மடிப்பை நெம்பி எடுத்து, உள்ளே இருந்த காந்தத்தைச் சுருளுக்குள் காட்டி, திரும்ப மாட்டி, மோட்டாரில் ஓட்டிப் பார்த்து, மறுபடி காட்டினார். கடைசியில் எண்பதுக்கு நாற்பதில் வந்து நின்றது முள். அத்தை அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டார். அசல் மீட்டரை மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார்.

"இப்ப டாக்டரைக் கூப்பிடுங்க சார். இந்தக் கோளாறைச் சரி பண்றது சின்ன வேலைதான்னு நிபுணர் ஒருத்தர் செஞ்சு காட்டினா, மீட்டர்காரரோட அலட்சியம் கோர்ட்டுல நல்லா நிரூபணமாகும்னு சொல்லுங்க."

"அதனால என்ன தெரியும் அத்தை?" என்று கேட்டேன்.

"உங்களுக்குச் சொன்னா உங்க மூஞ்சியில தெரிஞ்சுடும் மாப்பிள்ளை. நீங்க அவர் வண்டிகிட்ட போய் ஒரு எண்ணைப் படிச்சுட்டு வந்தாப் போதும்."

டாக்டர் வந்த சத்தம் அவர் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. பச்சைக் கார் ஒன்று வாசலில் தேய்த்துக்கொண்டு நின்றது. இறங்கியவர் விளம்பரத்தில் வருகிறவர்களுக்கே பொறாமை வரும்படி சிரித்தார். சொந்தக் கடைச் சரக்கு.

"சொல்லுங்க மேடம், அடியேன் என்ன உதவி செய்யணும்?" என்றவர் மீட்டர்காரரைப் பார்த்து, "என்னப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு. மனுஷன்னா தப்பு பண்றது சகஜம். என்ன, உன் தப்புல ஒரு ஆள் போயிட்டாரு" என்று ஆறுதல் சொன்னார். அப்படி ஒரு ஆறுதலை எதிரிக்குக்கூடச் சொல்லக்கூடாது.

"வண்டி அருமையா இருக்கு டாக்டர்" என்றார் அத்தை.

"அசல் மாறாத வண்டிக்கான கோப்பை மூணு வருஷமா அதுக்குத்தான் மேடம். ஒரு ஆணிகூட மாத்தல. எல்லாம் பிறந்தப்போ இருந்தது. மீட்டர் இன்னிக்கும் இம்மி பிசகாது."

அந்தச் சாக்கில் நான் வெளியே நழுவினேன். கண்ணாடியில் மூக்கை அழுத்தி மீட்டரின் அடியில் இருந்த பொடி எண்ணைப் படித்தேன். மனப்பாடம் செய்துகொண்டு திரும்பி வந்து, டாக்டருக்குப் பின்னால் நின்றேன்.

உள்ளே டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் அத்தை மாற்றி வைத்த இரட்டை மீட்டர்.

"பழுது என்னன்னு முதல்ல சோதிச்சுப் பார்க்கறீங்களா?" என்றார் அத்தை.

"எதுக்கு மேடம் நேரத்தை வீணாக்கிக்கிட்டு? அன்னிக்கே பார்த்ததுதானே." மோட்டாரை ஓட்டவில்லை. குமிழைத் தொடவில்லை. பையிலிருந்து பளபளவென்று ஒரு சின்னக் குறடை எடுத்தார். அது எதற்காகச் செய்யப்பட்டது என்று என் கடைவாய்ப் பல்லுக்குத் தெரிந்தது. வளையத்தை நெம்பிக் கழற்றினார், முள்ளின் கழுத்தைப் பிடித்தார், லேசாக ஆட்டி ஒரே இழுப்பு. கீறல் இல்லை, சத்தம் இல்லை. "பாருங்க, வலிக்கவே வலிக்காது" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

பிறகு அந்த முள்ளை நாற்பது அளவுக்கு முன்னால் தள்ளிச் சொருகினார். அளவெல்லாம் பார்க்கவில்லை, முள் இப்போது எங்கே நிற்கிறது என்றும் பார்க்கவில்லை. வீட்டு விளக்கின் சுவிட்சு இருட்டில் கைக்குத் தெரிவதுபோல அவர் விரலுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது.

"இப்ப ஓட்டுங்க தம்பி. எண்பது."

ஓட்டினேன். பெரிய மீட்டரில் எண்பது. சின்ன மீட்டரிலும் எண்பது.

"அவ்வளவுதான் மேடம். ஒரு நிமிஷ வேலை. இதைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாதவனெல்லாம் போர்டு மாட்டிக்கிட்டுத் தொழில் பண்றான்."

மீட்டர்காரர் டாக்டரைப் பார்க்கவே இல்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை.

நிறுத்தினேன். மோட்டார் முனகி ஓய்ந்தது. முள் எழுபது, அறுபது, ஐம்பது என்று இறங்கியது. நாற்பதில் நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை. கேபிள் அசையாமல் கிடந்தது, மோட்டார் அசையாமல் கிடந்தது, அந்த முள் மட்டும் நாற்பதைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

"நிக்கற வண்டி நாற்பதுல போகுதே டாக்டர்" என்றார் அத்தை மெதுவாக.

டாக்டர் குனிந்து பார்த்தார். விரலால் மீட்டர் விளிம்பைத் தட்டினார். முள் ஆடிவிட்டு மறுபடி நாற்பதிலேயே வந்து நின்றது. அவருடைய சிரிப்பு இருந்த இடத்தில் பற்கள் மட்டும் இருந்தன.

"இப்படி ஆகாதே... நாற்பது தள்ளினா பூஜ்யத்துக்குத்தானே வரணும்..." அவர் மீட்டரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "இல்ல. இது அந்த மீட்டரே இல்ல!"

"எந்த மீட்டர் டாக்டர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் வாழ்க்கையிலேயே கேட்ட உருப்படியான கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார். அத்தனை நாள் அடுத்தவர்களை அப்படித் திறக்கச் சொன்னவர்.

"நான் சொல்றேன்" என்றார் அத்தை. "இந்த மீட்டர்ல காந்தம்தான் பலவீனம். முள்ளு அதோட இடத்துலதான் இருந்துச்சு. நேர்மையான நிபுணரா இருந்தா முதல்ல பத்துல ஓட்டிப் பார்த்திருப்பாரு, அஞ்சு காட்டியிருக்கும், காந்தம்னு புரிஞ்சிருக்கும். மீட்டர் குறைச்சுக் காட்ட ஆயிரம் காரணம் இருக்கு. நீங்க எதையும் சோதிக்கல. நேரா முள்ளைப் பிடிச்சீங்க. அதுவும் சரியா நாற்பது. முள்ளைத் தள்ளி வெச்ச விஷயம் போலீஸுக்கே இன்னிக்கு மதியம்தான் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"ஊகம்... அனுபவம்... நான் எதுக்கு மேடம் அவரை..."

"மாப்பிள்ளை, எண்ணு என்ன?"

"ஆயிரத்து நானூத்தி எட்டு அத்தை."

மீட்டர்காரர் முதல் முறையாக டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். "இம்மி பிசகாதுன்னு நீங்களே சொன்னீங்களே. அப்ப உங்க கியர் பாக்ஸ் இந்த மாடலோடதே இல்ல. அவர் சிரிச்சது உங்க வண்டியை நினைச்சுத்தானா?"

"ரெண்டு மூணு பழைய வண்டியை வெட்டி ஒட்டி ஒரு வண்டி" என்றார் அத்தை. "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அது வெளியே வந்திருக்கும். கோப்பை போயிருக்கும், மானம் போயிருக்கும். அதுக்கு ஒரு உசிர்."

டாக்டர் வாசலைப் பார்த்தார். அங்கே அவருடைய பச்சைக் கார் நின்றது. எந்தப் போலீஸ் ஜீப்பையும் கண்ணீர்விட வைக்கும் வேகம் அதற்கு உண்டு. ஆனால் நான் எண்ணைப் படிக்கப் போனபோது சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, இப்போது என் சட்டைப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஆட்டிக் காட்டினேன். ஆறாவது பதவி.

"அந்த ஆளு ரோட்டையே பார்க்க மாட்டான்!" என்று திடீரென்று கத்தினார் டாக்டர். "அப்படி ஒரு வண்டியை வெச்சுக்கிட்டு நாற்பதுல ஓட்டறவன் என் வண்டியைப் பத்திப் பேசறதா? நாற்பதுன்னு பேர் வெச்சதே நான்தான்!"

"தெரியும்" என்றார் அத்தை. "பேர் வெச்சவரே அதை மறந்துட்டீங்க, பாருங்க."

இன்ஸ்பெக்டர் அவரை அழைத்துக்கொண்டு போனார். போகும்போது கிளினிக்கில் மயக்க மருந்து இருப்பைச் சோதிக்கச் சொல்லி அத்தை பின்னாலிருந்து ஞாபகப்படுத்தினார். "அதைத்தான் மேடம் நானும் நினைச்சேன்" என்றார் அவர். நினைத்திருக்கவே மாட்டார்.

மீட்டர்காரர் விளக்கின் கழுத்தை இழுத்து மேஜைக்கு நேராக வைத்தார். நாற்பதில் நின்றுகொண்டிருந்த முள்ளையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு ஸ்பூன்களையும் எடுத்து, முள்ளுக்கு அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினார். முள் பூப்போல மேலே வந்தது. கை நடுங்கவில்லை. அதை அவரும் கவனித்தார், நாங்களும் கவனித்தோம்.

"டீ ஆறிடுச்சே, வேற போடட்டுமா தம்பி?" என்று கேட்டபடி அதே ஸ்பூனால் என் தம்ளரைக் கலக்க வந்தார்.

"வேண்டாங்க" என்றேன், முழு மனதோடு.

வெளியே வந்து எங்கள் வண்டியைக் கிளப்பினேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வழக்கமாக நான் ஓட்டும் லட்சணத்துக்கு இரண்டு வசவாவது விழும். அன்று விழவில்லை.

"மெதுவாப் போங்க மாப்பிள்ளை."

"எவ்வளவு அத்தை?"

"நாற்பது."

நாற்பதில் போனோம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து, ஜன்னலை இறக்கித் திட்டிவிட்டு, எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் பதிலுக்குத் திட்டலாமா என்று அத்தையைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் கண் மீட்டர் முள்ளிலேயே இருந்தது.